மூன்றாம் தரப்பு விளம்பர வலையமைப்புகள்: சிங்கப்பூரில் தமிழ் இணையத்தளம் நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

சமையல் குறிப்பு, ஆன்மிகம், பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடம், உள்ளூர் நடப்பு என்று எதை எழுதினாலும், தளம் ஓரளவு வளர்ந்ததும், விளம்பரதாரருக்கும் உங்களுக்கும் நடுவே நின்று விளம்பரம் போட்டுத் தரும் விளம்பர வலையமைப்புகளிடமிருந்து மின்னஞ்சலில் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "எங்கள் நிரலை ஒட்டுங்கள், வருமானத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம்" என்பார்கள். சில அழைப்புகள் உண்மையானவை. பல, உங்கள் வாசகரை விலைக்கு வாங்க வருபவை. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஆயிரம் வருகைக்கு என் வங்கிக் கணக்கில் எத்தனை வெள்ளி வந்து சேர்ந்தது? வலையமைப்பின் அறிக்கைப் பக்கத்தில் மின்னும் தொகை அதற்கு விடையாகாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காண்பதற்கானது.

முதல் படி: பணம் வரும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூரோங்கில் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் விரிவதற்குள் அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. விளம்பரதாரர், தம் சார்பில் இடம் வாங்கும் மென்பொருளான வாங்கும் தளத்தின் வழியாக விலை கேட்கிறார். ஏலச் சந்தை அதை, இணையத்தளங்களின் சார்பில் இடம் விற்கும் மென்பொருளான விற்கும் தளத்துக்குத் தருகிறது. அங்கிருந்து வலையமைப்புக்கு வந்து, கடைசியாக உங்களிடம் சேர்கிறது. வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தை அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். இடையில் ஆள் கூடக்கூட உங்கள் பங்கு தேயும்.

கூகலின் சொந்த விளம்பர வலையமைப்பான ஆட்சென்ஸ் தன் பங்கு விவரத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. நெடுங்காலம் தள உரிமையாளருக்கு 68 விழுக்காடு என்றிருந்தது. 2023 நவம்பரில் அறிவித்த மாற்றத்தின்படி, வாங்கும் தளம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் 80 விழுக்காடு உங்களுக்கு. கூகலின் சொந்த வாங்கும் தளம் சராசரியாக 15 விழுக்காடு எடுப்பதால், அந்த வழியே வரும் விளம்பரங்களுக்குக் கடைசிக் கணக்கு ஏறத்தாழ அதே 68தான். அப்போதே இன்னொன்றும் மாறியது: சொடுக்குக்குப் பணம் என்ற முறை போய், காட்சிக்குப் பணம் என்ற முறை வந்தது.

சிறிய வலையமைப்புகளில் கணிசமானவை தமக்கென்று தனி விளம்பரதாரர்களை வைத்திருப்பதில்லை. கூகலின் ஏலச் சந்தையையே உங்களுக்குத் திறந்துவிட்டு, நடுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இதில் தவறேதும் இல்லை. நேரடியாக நுழைய முடியாத சிறு தளங்களுக்கு இது ஒரு வாசல்தான். ஆனால் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சந்தையை இன்னொருவர் வழியாகச் சுற்றிப் போய் அடைகிறீர்களா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். "எங்கள் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் வலையமைப்பை நான் அங்கேயே விட்டுவிடுவேன்.

இரண்டாம் படி: வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பாருங்கள்

சிங்கப்பூரில் இருந்து எழுதினாலும் தமிழ்த் தளத்தின் வாசகர் சிங்கப்பூரோடு நிற்பதில்லை. தமிழ்நாடு, மலேசியா, இலங்கை, வளைகுடா, லண்டன், பாரிஸ், சூரிக் என்று பரந்து கிடப்பார்கள். விளம்பர ஏலத்தில் ஒரே பக்கத்துக்கு நாட்டுக்கு நாடு விலை மாறும். சிங்கப்பூர் வாசகரைத் தேடி வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பயண நிறுவனங்களும் போட்டி போடுவதால் இங்கே விலை உயரும். தமிழ்நாட்டு வாசகருக்கான விலை பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து வருமானத்தைக் கணக்கிடாதீர்கள். ஒரு மாத வருகையை நாடுவாரியாகப் பிரித்து எழுதிவைத்த பிறகு எந்த வலையமைப்போடும் பேசுங்கள்.

மொழியும் ஒரு வேலிதான். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதற்கு முன்பு தமிழ்ப் பக்கங்களில் அதை முறையாகப் போட வழியில்லை. இன்றும், தளங்களின் விளம்பரங்களை நிர்வகித்துத் தரும் ராப்டிவ் போன்ற பெரிய நிறுவனங்கள், வாசகரில் பெரும்பங்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. தமிழ்த் தளத்தோடு அங்கே போய் நிற்பது நேர விரயம். தமிழை ஏற்கும் பட்டியலில் இருப்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மொழி ஏற்கப்படாத வலையமைப்பின் நிரலை ஒட்டினால் வெற்றுக் கட்டமோ தொடர்பற்ற விளம்பரமோதான் வரும்.

ஐரோப்பிய வாசகர் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்திலும் பிரிட்டனிலும் இருப்பவர்களுக்கு விளம்பரம் காட்ட, தகவல் திரட்ட வாசகரிடம் அனுமதி கேட்கும், கூகல் அங்கீகரித்த ஒப்புதல் கருவி தளத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 16 முதல் நடப்பில் உள்ளது. அதே ஆண்டு ஜூலை முடிவில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்தது. கருவி இல்லாவிட்டால் அந்த வாசகர்களிடமிருந்து வரும் வருமானம் சரிந்துவிடும். ஆட்சென்சிலேயே இதற்கான இலவசக் கருவி இருக்கிறது. சிங்கப்பூர் வாசகருக்கு நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: என்ன தகவல் திரட்டப்படுகிறது, யாரிடம் போகிறது என்பதைச் சொல்லும் தனியுரிமைப் பக்கத்தைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். வாசகர் படிக்கும் மொழியில் இருப்பதுதான் முறை.

மூன்றாம் படி: எதை ஏற்பது, எதை மறுப்பது

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள், ஏனென்றால் வாசகருக்கு உண்மையான தீங்கு இங்கேதான் நேர்கிறது.

படமாகவும் எழுத்தாகவும் வரும் பட்டை விளம்பரங்களை ஆட்சென்ஸ் போன்றவை தருகின்றன. கட்டுரையின் அடியில் "நீங்கள் இதையும் விரும்பலாம்" என்ற வரிசையாக வருபவை டபூலா, அவுட்பிரெய்ன் வகை. பணம் வரும், ஆனால் தலைப்புகளின் தரத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வகை, பின்னால் புதிய சன்னலைத் திறந்துவிடுவது அல்லது வாசகரைக் கேட்காமலே வேறு தளத்துக்கு இழுத்துச் செல்வது. சேரும் நிபந்தனை எதுவும் இருக்காது, அன்றைக்கே ஒப்புதல் கிடைக்கும், சில டாலர் சேர்ந்தாலே பணம் அனுப்புவார்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் இதில்தான் முதலில் விழுகிறார்கள்.

அந்த விளம்பரம் வாசகரின் கைபேசியில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். அறுபது வயது அம்மா ஒருவர் முறுக்குச் செய்முறையைத் திறக்கிறார். அளவுகளுக்குக் கீழே பச்சை நிறத்தில் "பதிவிறக்கு" என்று பெரிய பொத்தான். உங்கள் தளத்தின் பொத்தான் என்று நம்பித் தட்டுகிறார். "உங்கள் கைபேசியில் வைரஸ் உள்ளது" என்று சிவப்புத் திரை அதிர்கிறது; ஒரு செயலியை நிறுவச் சொல்கிறது. அவர் நம்பியது அந்த விளம்பரதாரரை அல்ல, உங்களை. இப்படிப்பட்ட செயலிகள் வழியாக வங்கிச் சேமிப்பை இழந்தவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மோசடியோ என்ற சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம் என்று உங்கள் தளத்தில் ஒரு வரி போட்டுவைப்பது நல்லது. இந்த வகை வலையமைப்பைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. எந்த விலைக்கும் இது வேண்டாம் என்பதே என் திடமான கருத்து.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. உரிமம் இல்லாத இணையச் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவது சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022ன்படி குற்றம். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்கள்கூட வர்த்தகத் தகவல் ஏடுகளிலும் தங்கள் சொந்த இணையத்தளத்திலும் தங்கள் கடை வளாகத்திலும் மட்டுமே விளம்பரம் செய்யலாம். உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் தென்பட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள். புகையிலை விளம்பரத்துக்கும் தடை உண்டு. ஆகவே சேர்ந்த முதல் நாளே வகைவாரியாகத் தடுக்கும் பகுதிக்குப் போய், சூதாட்டம், கடன், உடனடிப் பணம் போன்றவற்றை அடைத்துவிடுங்கள். அப்படித் தடுக்கும் வசதியே இல்லாத வலையமைப்பு சிங்கப்பூர்த் தளத்துக்கு ஒத்துவராது.

நான்காம் படி: ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

முதலில் தேட வேண்டியது பணம் தரும் காலம். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று எழுதியிருப்பார்கள். 60 என்றால் ஜனவரியில் ஓடிய விளம்பரத்துக்கான பணம் ஏறத்தாழ ஏப்ரல் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். ஆட்சென்சில் முடிந்த மாதத்தின் தொகை அடுத்த மாதம் 21க்கும் 26க்கும் இடையில் அனுப்பப்படுகிறது. டாலர் கணக்கு என்றால் 100 அமெரிக்க டாலர் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, விளம்பரதாரர் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்ற வரி. "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்குத் தருவோம்" என்ற பொருளில் அது இருக்கும். படிக்கும்போது சம்பிரதாயமாகத் தோன்றும். ஆனால் 2019ல் விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனமான சைஸ்மெக் திவாலானது. 2023 ஜூன் இறுதியில் வாங்கும் தளமான மீடியாமேத் திவால் பாதுகாப்புக் கோரியபோது பல விற்கும் தளங்களுக்குப் பெரும் பாக்கி நின்றது. மேலே ஒருவர் விழுந்தால் அந்தச் சுமை கீழே இருக்கும் தள உரிமையாளர் மீது இறங்க வழி செய்வது இந்த ஒரு வரிதான். ஆகவே ஒரே வலையமைப்பில் மூன்று மாத வருமானத்தைத் தேங்கவிடாதீர்கள்.

பிறகு, முறையற்ற போக்குவரத்துக்கான கழிவு, அதாவது போலித் தட்டல்களுக்கும் காட்சிகளுக்கும் பிடித்துக்கொள்ளும் தொகை. உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டுவதும், குடும்பத்தாரைத் தட்டச் சொல்வதும், வாட்ஸ்அப் குழுவில் "விளம்பரத்தைத் தட்டி ஆதரவு தாருங்கள்" என்று போடுவதும் கணக்கை மூடும் அளவுக்குக் கொண்டுபோய் விடும். நல்லெண்ணத்தோடு நண்பர்கள் செய்தாலும் விளைவு ஒன்றுதான். வேறெந்த வலையமைப்பையும் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையும், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலமும் கண்ணில் படாமல் போகக் கூடாதவை.

ஐந்தாம் படி: விற்பனையாளர் பட்டியல் கோப்பு

உங்கள் தள முகவரியின் வேர்ப்பகுதியில் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) என்ற சிறிய எழுத்துக் கோப்பு இருக்க வேண்டும். உங்கள் இடத்தை விற்க யாருக்கெல்லாம் அனுமதி என்று அது ஊருக்குச் சொல்கிறது. இணைய விளம்பரத் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஐஏபி தொழில்நுட்பக் கூடம் 2017ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ போலி இடம் விற்பதைத் தடுக்க வந்தது.

கோப்பில் ஒவ்வொரு வரியும் காற்புள்ளியால் பிரிந்த நான்கு பகுதிகள் கொண்டது. முதலில் விற்கும் நிறுவனத்தின் இணைய முகவரி. அடுத்து அங்கே பதிவான கணக்கு எண். மூன்றாவது, "நேரடி" (DIRECT) அல்லது "மறுவிற்பனை" (RESELLER) என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நான்காவது சான்றளிக்கும் அமைப்பின் அடையாள எண். இது இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது பகுதியைக் கவனித்துப் படிக்கப் பழகுங்கள். புதிய வலையமைப்பு ஒன்று இருநூறு வரிகளைக் கொடுத்து அப்படியே ஒட்டச் சொன்னால், அவற்றில் எத்தனை நேரடி, எத்தனை மறுவிற்பனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை மறுவிற்பனை என்றால் முதல் படியில் சொன்ன இடைத்தரகர் வரிசை உங்கள் கண்முன் நிற்கிறது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் அந்த வழியில் ஏலம் நின்றுவிடும். ஆகவே தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். வலையமைப்பை விட்ட பிறகும் அதன் வரிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். அது உங்கள் பெயரில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வெளியே விட்டுவைப்பதற்குச் சமம்.

ஆறாம் படி: இடம் ஒதுக்குதல்

கைபேசியில் முதன்மை உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் நிறைந்தால் அது, தொல்லை தரும் விளம்பரங்களைக் குறைக்க இணைய விளம்பரத் துறை வகுத்த நல்ல விளம்பரத் தரநிலைகளை (Better Ads Standards) மீறுகிறது. அந்தத் தரநிலைகளை மீறும் தளங்களில் விளம்பரங்களை வடிகட்டும் ஏற்பாட்டை குரோம் உலாவி 2018 பிப்ரவரியில் தொடங்கியது. ஒலியோடு தானே ஓடும் காணொளியும் அதே பட்டியலில் இருக்கிறது.

ஒரு விளம்பரம் "பார்க்கப்பட்டது" என்று கணக்கில் சேர, அதன் பரப்பில் பாதியாவது ஒரு நொடி திரையில் இருக்க வேண்டும். காணொளிக்கு இரண்டு நொடி. யாரும் வராத அடிப்பகுதியில் ஐந்து கட்டங்கள் வைப்பதைவிட, கட்டுரையின் இரண்டாம் மூன்றாம் பத்திக்குப் பிறகு 300க்கு 250 பிக்சல் அளவில் ஒன்று வைப்பது மேல். கட்டத்தின் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விளம்பரம் வந்து விழும்போது எழுத்து கீழே குதிக்கும், படிப்பவர் தவறுதலாகத் தட்டுவார், கூகலின் தேடல் மதிப்பீட்டிலும் தளம் இறங்கும்.

ஏழாம் படி: ஒப்பிடும் கணக்கு

ஆயிரம் காட்சிக்கு என்ன விலை என்பதைத்தான் வலையமைப்புகள் பெரிதாகச் சொல்லும். கொடுத்த இடங்களில் எத்தனையில் உண்மையில் விளம்பரம் வந்தது என்ற நிரப்பு விகிதத்தைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: இரு வலையமைப்புகளுக்கும் 100,000 விளம்பர வாய்ப்புகள் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவது 90 விழுக்காட்டை நிரப்புகிறது, ஆயிரத்துக்கு 1 டாலர். வருமானம் 90 டாலர். இரண்டாவது ஆயிரத்துக்கு 2 டாலர் என்று இரட்டிப்பு விலை சொல்கிறது. ஆனால் 40 விழுக்காட்டைத்தான் நிரப்புகிறது. வருமானம் 80 டாலர். அதில் மாத இறுதிக் கழிவு 10 டாலர், பணம் அனுப்பும் கட்டணம் 15 டாலர் போனால் கையில் 55. "இரட்டிப்பு" என்பதன் உண்மை முகம் இதுதான்.

இந்தக் கணக்கையும் பக்கப் பார்வைக்குப் போடாமல் வருகைக்குப் போடுங்கள். விளம்பரம் தொல்லையாக இருந்தால் மூன்று பக்கம் படித்தவர் ஒரு பக்கத்தோடு போய்விடுவார். பக்கத்துக்கான வருமானம் உயர்ந்ததாகத் தெரியும். ஆளுக்கான வருமானம் விழுந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். குறைந்தது முழு மாதம் ஓடவிடுங்கள். நவம்பரை ஜனவரியோடு ஒப்பிடாதீர்கள். ஆண்டிறுதியில் விளம்பரச் செலவு ஏறி ஜனவரியில் இறங்குவது உலக வழக்கம். தமிழ்த் தளத்துக்குத் தீபாவளியை ஒட்டி வாசகர் கூட்டமும் கூடும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் புதிய வலையமைப்பு செய்த வேலை தெரியும்.

எட்டாம் படி: உள்ளூர் விளம்பரத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக வையுங்கள்

வலையமைப்பால் செய்ய முடியாத ஒன்று உங்களால் முடியும். சிராங்கூன் சாலையில் புடவைக் கடை, நகைக் கடை, வீவக வட்டாரத்தில் துணைப்பாட நிலையம் நடத்துபவர்களுக்கு சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்தான் வேண்டும். உலகச் சந்தை அந்த வாசகருக்கு என்ன விலை சொன்னாலும், அவர்களுக்கு அவர் அதைவிட மதிப்பானவர். பக்கத்தின் மேல் இடத்தை மாதக் கட்டணத்துக்குக் கொடுங்கள். அந்த இடம் வலையமைப்பில் மாதம் நிகரமாக எவ்வளவு ஈட்டியது என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது. அதன் இரு மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். பேநவ் வழியாக முன்பணம் பெறலாம். 60 நாள் காத்திருப்பும் இல்லை, கழிவும் இல்லை. விற்காத மாதங்களில் அதே இடத்தை வலையமைப்புக்குத் திறந்துவிடலாம். விளம்பர இடங்களை நிர்வகிக்கும் கருவியான கூகல் ஆட் மேனேஜரில் சிறு தளங்கள் இதைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். எதுவானாலும் "விளம்பரம்" என்ற சொல் மேலே தெரிய வேண்டும்.

ஒன்பதாம் படி: வரி, பதிவு, கணக்கு

விளம்பர வருமானம் சிங்கப்பூரில் வரிக்கு உட்பட்டது. தொழில் வருமானமாக உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காட்ட வேண்டும். மின்வழிப் படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18. சேவையகக் கட்டணம், தள முகவரிக் கட்டணம் போன்ற தொழிற்செலவுகளைக் கழிக்கலாம். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். நிகரத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் பங்களிப்பும் உண்டு. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் நடத்தினால் அக்ராவில் பதிவு தேவையில்லை. தளத்தின் பெயரில் தொழில் நடத்தினால் தேவை. பொருள் சேவை வரிப் பதிவு ஆண்டு வருவாய் பத்து லட்சம் வெள்ளியை எட்டும்போது வரும் கவலை.

வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள், ஒரு வெள்ளி ஈட்டும் முன்பே மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அனுமதி உங்கள் முதலாளியிடம் செய்யும் வேலைக்கானது. விளம்பர வருமானத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

பத்தாம் படி: விலகும் முறை

ஒரு வலையமைப்பு ஒத்துவரவில்லை என்றால் அதே நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். நிலுவைத் தொகை குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால் அந்தப் பணம் கிடைக்காமலே போகலாம். முன்னறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைச் சேமியுங்கள். முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் நிரலை எடுத்துவிடுங்கள். அறிக்கைகளையும் அன்றே தரவிறக்கிக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பிறகு அந்தப் பக்கம் திறக்காது. கடைசித் தொகை வங்கியில் விழுந்த பிறகு ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அவர்கள் தந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, வேறொரு வலையமைப்பும் அதே வரியைப் பயன்படுத்துகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சேமியுங்கள்.